மழை பெய்தால் ஓடாத மோட்டாரும் மொட்டைமாடி ஜாயிண்டும்

கடலூர் மாவட்டத்தில், கடலுக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஓர் ஊரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். சொந்த வீடு. கணவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். இவரும் கல்லூரியில் படிக்கும் மகளும் மாமியாரும் வீட்டில். போர்வெல்லில் 1 குதிரைத்திறன் சப்மெர்சிபிள் மோட்டார் இருக்கிறது. மொட்டைமாடியில் 1000 லிட்டர் கறுப்புத் தொட்டி. தொட்டியில் தண்ணீர் குறைந்தால் தானாக ஓடி, நிறைந்தால் தானாக நிற்கும் கன்ட்ரோலர் பெட்டியை மூன்று வருடம் முன்பு மாடிப்படிக்கு அடியில் மாட்டியிருக்கிறார்கள். தொட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே 28 மீட்டர் தூரத்துக்கு நான்கு கோர், அதாவது தனித்தனி உறை போட்ட நான்கு கம்பிகள் உள்ள மெல்லிய கேபிள் போகிறது. மாட்டியவர் 20 மீட்டர்தான் கொண்டுவந்தாராம். மீதியை இன்னொரு துண்டால் இணைத்து, இன்சுலேஷன் டேப் சுற்றி, கைப்பிடிச் சுவரின் மேல் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

பிரச்சினையைச் சகோதரியின் வார்த்தைகளிலேயே தருகிறேன்: “மழை பெய்தால் தொட்டி காலியாக இருந்தாலும் ‘நிறைந்துவிட்டது’ என்று விளக்கு எரிகிறது, மோட்டார் ஓட மாட்டேன் என்கிறது. மாசி, பங்குனியில் தொட்டி வழிந்து தெருவில் ஓடினாலும் மோட்டார் நிற்க மாட்டேன் என்கிறது.” பெட்டி போய்விட்டது என்று சொல்லி இரண்டு முறை மாற்றியாயிற்று. ஒவ்வொரு தீபாவளிக்கும் முன்பு ஜாயிண்டில் புது டேப்பும் சுற்றுகிறார். பலனில்லை. கொழுந்தனார், “இன்னும் நாலு சுற்று டேப் போட்டு மேலே எபாக்சி பசையை அப்பிவிட்டால் சரியாகிவிடும்” என்கிறாராம். கூடவே, வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்பீக்கர் ஒயரை பிவிசி பைப்பில் விட்டு, மண்ணில் புதைத்து, 18 மீட்டர் தள்ளியிருக்கும் கேட்டுக்கு ஒரு விளக்கும் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். “மெல்லிய ஒயர்தானே, அதில் பெரிய கரண்ட் போகாது” என்பது அவர் கட்சி.

ஜாயிண்டை எப்படிப் போடுவது, கேட் விளக்குக்கு அந்த ஒயர் சரிவருமா, பெட்டி மாற்றிய பணத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா என்று மூன்று கேள்விகள். அப்புறம், கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி: “போன மாதம் தொட்டி கழுவும்போது மகளுக்குக் கையில் சுருக்கென்று இருந்ததாம். ஈரக் கை, அதனால் இருக்கலாம்.”

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் விட்ட அந்தக் கடைசி வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். மற்றவை ஒரு வாரம் காத்திருக்கலாம். இது காத்திருக்கக் கூடாது.

முதலில் அந்த ‘சுருக்’

ஈரக் கை கரண்ட்டை உண்டாக்காது. எங்கிருந்தோ தண்ணீருக்கு வந்துவிட்ட கரண்ட்டை உடம்புக்குள் சுலபமாக விடும், அவ்வளவுதான். ஆகவே உங்கள் மகள் உணர்ந்தது கற்பனை என்று வைத்துக்கொள்ளாதீர்கள். தொட்டிக்கு மின்சாரம் வர இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, கன்ட்ரோலர் பெட்டி. நல்ல பெட்டிகளில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். வீட்டின் 230 வோல்ட்டை அது சில வோல்ட்டாகக் குறைப்பதோடு, சென்சார் ஒயருக்கும் வீட்டு மின்சாரத்துக்கும் நேரடித் தொடர்பே இல்லாமல் பிரித்துவிடும். மலிவான சில பெட்டிகளில் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதிலாக ஒரு கெப்பாசிட்டரை வைத்து வோல்ட்டேஜைக் குறைத்திருப்பார்கள். அதில் இந்தப் பிரிவு கிடையாது. தொட்டித் தண்ணீரில் தொங்கும் அந்த மெல்லிய ஒயரின் மறுமுனை உங்கள் வீட்டு மெயின் லைனோடு சேர்ந்தே இருக்கும். பார்வைக்கு 5 வோல்ட் ஒயர். பூமியில் நின்றுகொண்டு தொடுகிறவருக்கு அது வேறு.

இன்னொன்று, மோட்டார். போர்வெல்லுக்குள் இருக்கும் மோட்டாரின் கம்பிச் சுற்றோ, அதன் கேபிள் ஜாயிண்டோ கசிந்து, எர்த்தும் சரியில்லாமல் இருந்தால், இரும்புக் குழாய் வழியாகவும் தண்ணீர் வழியாகவும் கரண்ட் மேலே வரும்.

உங்கள் வீட்டில் எது என்பதை அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். அதற்கு உரிமம் பெற்ற ஒயர்மேனை நாளைக்கே வரவழையுங்கள். அதுவரை மோட்டார் லைனை ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கிற டபுள் போல் சுவிட்சில் அணைத்து வையுங்கள். பெட்டியில் இருக்கும் சிறிய பட்டனை மட்டும் அணைப்பது போதாது, அது பெட்டிக்கு வரும் மின்சாரத்தை நிறுத்துவதில்லை. குடத்தில் தண்ணீர் பிடிக்கும் சிரமம் ஓரிரண்டு நாள்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வந்தவரிடம் இந்த நான்கையும் கேட்டு வாங்குங்கள். மோட்டாரையும் அதன் கேபிளையும் இன்சுலேஷன் கசிகிறதா என்று பார்க்கும் 500 வோல்ட் மெக்கர் கருவியை வைத்துச் சோதிக்க வேண்டும். எர்த்தின் ஓம் அளவை எடுக்க வேண்டும். பெட்டிக்கு மின்சாரம் இருக்கும்போது சென்சார் முனைகளுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று பார்க்க வேண்டும். மோட்டார் லைனில் கரண்ட் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் இருக்கிறதா, அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா என்று காட்ட வேண்டும். டெஸ்டர் ஸ்குரூடிரைவரைத் தொட்டியில் வைத்துவிட்டு “ஒண்ணும் இல்லைம்மா” என்று சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். அது எரிந்தாலும் எரியாவிட்டாலும் இங்கே முடிவு சொல்ல அதை நம்ப முடியாது.

“எம்சிபி இருக்கிறதே, ஷாக் என்றால் அது விழுந்திருக்குமே” என்றும் எழுதியிருக்கிறீர்கள். பலரும் இப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். எம்சிபி என்பது கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச். அது காப்பது ஒயரை, ஆளை அல்ல. மனிதனின் இதயத்தைக் குலைக்கச் சில பத்து மில்லி ஆம்பியர் போதும். உங்கள் 16 ஆம்பியர் எம்சிபிக்கு அப்படி ஒரு கரண்ட் போவதே தெரியாது. 30 மில்லி ஆம்பியரோடு ஒப்பிட்டால் 16 ஆம்பியர் என்பது ஐந்நூறு மடங்குக்கும் மேல். போன கரண்ட் திரும்பி வரவில்லை என்பதைக் கண்டுபிடித்துச் சட்டென்று துண்டிப்பது ஆர்சிசிபிதான். அது இல்லையென்றால் இந்த மாதச் செலவில் முதல் செலவு அதுவாக இருக்கட்டும். அந்த டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்திப் பார்க்கும் பழக்கத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி கெடவில்லை என்றே நினைக்கிறேன்

இப்போது மோட்டார் விவகாரம். மழையில் ஓட மறுப்பதும் வெயில் காலத்தில் நிற்க மறுப்பதும் ஒன்றுக்கொன்று எதிரான நோய்கள் மாதிரித் தெரியும். அதனால்தான் பெட்டியின் மேல் சந்தேகம் போயிருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் காரணம் ஒரே ஜாயிண்ட்.

உங்கள் தொட்டியில் இருப்பது தண்ணீரின் வழியாகக் கரண்ட் போகிறதா என்று பார்க்கிற சென்சார். ஒரு கம்பி அடியில், மற்றவை வெவ்வேறு உயரத்தில் தொங்கும். தண்ணீர் ஏறி மேல் கம்பியைத் தொட்டதும் அதற்கும் அடிக்கம்பிக்கும் நடுவே துளி கரண்ட் போகும். பெட்டி அதை ‘நிறைந்துவிட்டது’ என்று எடுத்துக்கொள்ளும். மழையில் உங்கள் ஜாயிண்டுக்குள் தண்ணீர் இறங்கி, நான்கு கோரும் நனைந்து கிடக்கிறது. அதுவும் கடல் காற்றின் உப்பு கலந்த தண்ணீர். அங்கேயே கரண்ட் ஒரு கோரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடுகிறது. தாண்டியது தொட்டியிலா, கைப்பிடிச் சுவர் மேலா என்று பெட்டிக்குத் தெரியாது. எனவே காலித் தொட்டியை நிறைந்தது என்கிறது.

மழை போய் ஜாயிண்ட் காய்கிறது. ஆனால் அதற்குள் செம்பு அரித்துப் பச்சை பூத்துவிட்டது. முறுக்கிய கம்பிகளுக்கு நடுவே கரண்ட் போகாத ஒரு படலம் படிந்திருக்கிறது. இப்போது தொட்டி உண்மையாகவே நிறைந்தாலும் அந்தச் செய்தி கீழே வந்து சேர்வதில்லை. பெட்டி மோட்டாரை ஓட்டிக்கொண்டே இருக்கிறது.

என் ஊகத்தை அப்படியே நம்ப வேண்டாம், சோதித்துவிடலாம். ஒயர்மேன் வரும் அன்றே, மின்சாரத்தை அணைத்துவிட்டு, கேபிளை இரண்டு முனையிலும் கழற்றச் சொல்லுங்கள். மல்ட்டிமீட்டரை 20 மெகா ஓம் அளவில் வைத்து எந்த இரண்டு கோருக்கு நடுவே பார்த்தாலும் தொடர்பே இல்லை என்று காட்ட வேண்டும். பிறகு ஜாயிண்டின் மேல் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். எண் விழுந்தால் மழைக்காலத்து நோய் பிடிபட்டது.

அடுத்து, தொட்டிப் பக்கத்தில் இரண்டு கோரை ஒன்றாக முறுக்கிவிட்டுக் கீழே ஓம் அளவைப் பாருங்கள். 0.5 சதுர மில்லிமீட்டர் நல்ல செம்பு என்றால், போய்வர 56 மீட்டருக்கு இரண்டு ஓம் சொச்சம் வர வேண்டும். கோர் இன்னும் மெலிதாக இருந்தால் ஐந்தாறு ஓம் வரலாம். நூற்றுக்கணக்கில் காட்டினாலோ, ஜாயிண்டை அசைக்கும்போது எண் குதித்தாலோ வெயில் காலத்து நோயும் பிடிபட்டது.

கோரின் நுனியைப் பிளேடால் லேசாகச் சுரண்டியும் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். கடலோரத்தில் அதற்கு ஆயுள் கம்மி. அதை ரிப்பேர் செய்ய நேரம் செலவழிக்காதீர்கள்.

டேப் என்ன செய்யும், என்ன செய்யாது

பிவிசி இன்சுலேஷன் டேப், கரண்ட் உள்ள கம்பியைக் கை தொடாமல் மறைப்பதற்கானது. தண்ணீரைத் தடுக்க அதைச் செய்யவில்லை. கத்திரி வெயிலில் மொட்டைமாடிச் சுவர் காய்கிற காய்ச்சலில் அதன் பசை இளகி வழுக்கும், நுனி பிரிந்து நிற்கும். நான்கு கோர் பிரிகிற இடத்தில் டேப் எப்போதுமே முழுதாகப் படியாது, நடுவில் சந்து இருக்கும். நாலு சுற்று அதிகம் போட்டால் அந்தச் சந்து அடைபடுவதில்லை. உள்ளே போன தண்ணீர் வெளியே வர இன்னும் நாளாகும், அதுதான் கண்ட பலன்.

இதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. மெல்லிய ஒயரில் ஒரு கோர் என்பது தலைமுடி போன்ற பல இழைகளின் கட்டு. 0.5 சதுர மில்லிமீட்டரில் 0.2 மில்லிமீட்டர் தடிமனில் 16 இழைகள். இழைகளுக்கு நடுவே இருக்கும் நுண்ணிய இடைவெளி தண்ணீரை உறிஞ்சி இழுக்கும். ஜாயிண்டில் நனைந்தது, மேலுறைக்குள்ளேயே வெகுதூரம் ஊர்ந்துவிடும். நீங்கள் தீபாவளிக்குத் தீபாவளி வெளி டேப்பை மாற்றிக்கொண்டிருந்தபோது உள்ளே செம்பு கறுத்துக்கொண்டே போயிருக்கிறது. கறுத்த செம்பில் சால்டரும் ஒட்டாது, முறுக்கினாலும் நல்ல தொடர்பு கிடைக்காது.

எபாக்சி பசையையும் சொல்லிவிடுகிறேன். அது பிவிசி மேலுறையில் சரியாகப் பிடிக்காது. இறுகிக் கல்லானபின் ஒயர் காற்றில் ஆடும்போது விளிம்பில் விரிசல் விடும். சிலிக்கான் ஒட்டுப்பசை வாங்கினாலும் கவனம் வேண்டும். திறந்ததும் வினிகர் மாதிரிப் புளித்த வாசனை வருவது செம்பை அரிக்கிற வகை. ‘நியூட்ரல் க்யூர்’ என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். அதையும் பெட்டியின் துளையை அடைக்க மட்டும் பயன்படுத்துங்கள், வெறும் செம்பின் மேல் தடவ வேண்டாம்.

என் யோசனை: ஜாயிண்டே வேண்டாம்

28 மீட்டர் கேபிள் பெரிய செலவில்லை. இரண்டு பெட்டிகளுக்குக் கொடுத்ததில் ஒரு பங்குகூட ஆகாது. ஆகவே நான் உங்கள் இடத்தில் இருந்தால் பழையதை ரிப்பேர் செய்ய மாட்டேன். 32 மீட்டர் நான்கு கோர் கேபிளை ஒரே துண்டாக வாங்கி, நடுவில் எங்கும் வெட்டாமல் இழுத்துவிடுவேன். மேலுறை கறுப்பாக இருக்கட்டும். கறுப்புக்குக் காரணமான கார்பன் தூள் சூரிய ஒளியின் புற ஊதாக் கதிரைத் தாங்கும். வெள்ளையும் சாம்பல் நிறமும் வெயிலில் சீக்கிரம் வெடித்துவிடும்.

மொட்டைமாடியில் போகும் பகுதியை சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் போடும் 16 மில்லிமீட்டர் கறுப்புக் குழாய்க்குள் விடுங்கள். துளையில்லாத வெறும் குழாயாகக் கேளுங்கள். உரக்கடையிலும் விவசாயப் பொருள் கடையிலும் மீட்டர் கணக்கில் கிடைக்கும். வெயிலைத் தாங்குவதற்கென்றே செய்தது அது. அணில் பல்லிலிருந்தும் ஓரளவு காக்கும். ஆனால் குழாயின் இரண்டு முனையையும் ஒட்டி அடைத்துவிட்டால் உள்ளே ஈரமே வராது என்று நினைக்க வேண்டாம். பகலில் சூடான காற்று விரிந்து வெளியேறும், இரவில் குளிர்ந்து சுருங்கும்போது ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். அது குழாய்க்குள்ளேயே நீராகப் படியும். எனவே தாழ்வான முனையைத் திறந்து விடுங்கள், தண்ணீர் வடியட்டும். குழாய்க்குள் எங்கும் ஜாயிண்ட் இருக்கக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம்.

கம்பிச் சென்சாரையும் மாற்றிவிடுவது நல்லது. ஒரே திசையில் கரண்ட் போகிற சென்சாரில், ஜாயிண்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பாசிட்டிவ் பக்கத்துக் கம்பி தண்ணீரில் கரைந்துகொண்டே வரும். மிதவைக்குள் காந்தம் வைத்த சென்சாரில் உலோகம் தண்ணீரைத் தொடுவதில்லை. உங்கள் பெட்டிக்கு அது பொருந்துமா என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜாயிண்ட் போட்டே ஆக வேண்டுமென்றால்

சென்சாரோடு வரும் ஒயர் பெரும்பாலும் குட்டையாகத்தான் இருக்கும். அதனால் தொட்டிக்கு அருகில் ஒரே ஒரு ஜாயிண்ட் தவிர்க்க முடியாமல் போகலாம். அப்படியானால் அதைத் தொட்டிக்கு வெளியே, ஏதாவது நிழலின் கீழ் வையுங்கள். வெயில் அடித்துக் காய்ந்த ஒரு நாளில் செய்யுங்கள். உரித்த செம்பை ராத்திரி முழுதும் கடல் காற்றில் விட்டுவைக்காதீர்கள்.

உரிப்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். பல்லால் கடித்து இழுப்பது, பிளேடை நேராக அழுத்தி ஒரு சுற்றுச் சுற்றுவது இரண்டும் வேண்டாம். 16 இழையில் 4 அறுந்தால் ஒயரில் கால் பங்கு போயிற்று. அறுபடாமல் கீறல் மட்டும் விழுந்த இழையும் காற்றில் ஆடி ஆடி அந்த இடத்திலேயே ஒருநாள் முறியும். வெளியுறையில் மட்டும் பிளேடால் லேசாக, பாதி ஆழத்துக்கு ஒரு வட்டம் போட்டு, அந்த இடத்தில் ஒயரை வளைத்தால் மீதி தானாகப் பிளந்துகொள்ளும். உள்ளே இருக்கும் கோருக்கு ஒயர் ஸ்ட்ரிப்பர் வாங்கிக்கொள்ளுங்கள். கோரின் அளவுக்குச் சரியான துளையில் வைத்து இழுக்க வேண்டும். கழன்று வந்த உறைத்துண்டுக்குள் இழை ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி உரியுங்கள். செம்பு பளபளவென்று தெரிய வேண்டும். கறுப்பாக இருந்தால் இன்னும் ஓரடி பின்னால் வெட்டிப் பாருங்கள்.

நான்கு ஜாயிண்டும் ஒரே இடத்தில் அருகருகே வரக் கூடாது. ஒரு கோரை நீளமாகவும் மற்றதைக் குட்டையாகவும் வெட்டி, மூன்று நான்கு சென்டிமீட்டர் தள்ளித் தள்ளி வருகிற மாதிரி அமையுங்கள். ஒன்று நனைந்தாலும் அடுத்ததோடு சேராது, கட்டும் ஒல்லியாக இருக்கும். முறுக்கும் முன்பே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை, அதாவது சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழல் உறையை, ஒயரில் கோத்துவிடுங்கள். ஒவ்வொரு கோருக்கும் ஒரு சின்னது, எல்லாவற்றுக்கும் மேலே உள்பக்கம் பசை தடவிய பெரியது ஒன்று. முறுக்கி முடித்தபின் ஸ்லீவ் ஞாபகம் வந்தால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதுதான்.

இணைப்புக்கு இரண்டு வழி. இரண்டு முனைகளையும் எதிரெதிராக வைத்து ஒன்றின் மேல் ஒன்றைச் சுற்றி, ரோசின் ஃப்ளக்ஸ் (ஈயம் பிடிக்க உதவும் பிசின்) உள்ள சால்டர் ஈயத்தால் பற்றவைக்கலாம். ஆசிட் ஃப்ளக்ஸ் வேண்டாம், அது பின்னால் அரிக்கும். அல்லது இரண்டு முனைகளையும் எதிரெதிராகச் செருகும் சின்ன உலோகக் குழலான பட் கனெக்டர் போட்டு, அதற்கென்றே உள்ள கிரிம்பிங் டூலால் அழுத்தலாம். சாதாரண கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்பிங் ஆகாது. சால்டர்தான் எப்போதும் உயர்ந்தது என்று எழுதியிருந்தீர்கள். எப்போதும் என்று சொல்ல முடியாது, ஈயம் ஏறிய இடம் விறைத்துவிடும். விறைப்பு முடிகிற இடத்தில் ஒயர் ஆடினால் அங்கேயே முறியும். அதனால் ஜாயிண்டின் இரண்டு பக்கமும் கேபிளை கிளிப் அடித்து நிறுத்துங்கள். சால்டர் வைத்த நுனியை ஸ்குரூ கனெக்டருக்குள்ளும் வைக்காதீர்கள். ஈயம் நாளடைவில் அமுங்கி ஸ்குரூ தளர்ந்துபோகும்.

பிறகு சின்ன ஸ்லீவ்களைச் சுருக்கி, மேலே பெரியதை இழுத்துவிட்டு, நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி ஹாட் ஏர் கன்னால் சூடு காட்டுங்கள். இரண்டு பக்கமும் வெளியுறையின் மேல் நான்கைந்து சென்டிமீட்டராவது ஏறியிருக்க வேண்டும். ஓரத்தில் பசை பிதுங்கி ஒரு வளையம் மாதிரி தெரிந்தால்தான் அடைபட்டது என்று அர்த்தம். பசையில்லாத சாதா ஸ்லீவ் தண்ணீரைத் தடுக்காது.

ஸ்லீவ் கிடைக்கவில்லையா? தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் வாங்குங்கள். நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில், வருடக்கணக்காகத் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் போர்வெல் மோட்டார் கேபிள் ஜாயிண்டை மெக்கானிக்குகள் இந்த ரப்பர் டேப்பை வைத்துத்தான் போடுகிறார்கள். நன்றாக இழுத்து, பாதிக்குப் பாதி ஏறுகிற மாதிரி மூன்று அடுக்கு சுற்ற வேண்டும். செங்குத்தாகத் தொங்கும் ஒயரில் கடைசி அடுக்கைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். அப்போதுதான் மடிப்புகள் கூரை ஓடு மாதிரி தண்ணீரைக் கீழே தள்ளும். அதன் மேல் வெயிலுக்காகச் சாதாரண பிவிசி டேப் போடலாம். அதன் இடம் இங்கேதான். கடைசிச் சுற்றை மட்டும் இழுக்காமல் ஒட்டுங்கள். இழுத்து ஒட்டினால் நுனி பிரியும்.

முடிந்ததை ஐபி65 பெட்டிக்குள் வையுங்கள். ஆறு என்பது தூசி புகாது, ஐந்து என்பது பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும். ஆனால் நீங்கள் அதில் ஒரு துளை போட்டு, கிளாண்ட் (ஒயரைச் சுற்றி இறுக்கி அடைக்கும் மரை மூடி) இல்லாமல் ஒயரை நுழைத்த நிமிடமே அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. ஒயர் பெட்டியின் அடிப்பக்கமாக, கிளாண்ட் வழியாக நுழைய வேண்டும். நுழையும் முன் ஒருமுறை பெட்டிக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும். ஒயரோடு வழிந்து வரும் மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பெட்டிக்குள் போகாது. இது காசில்லாத வேலை. ஆனாலும் பெரும்பாலான வீடுகளில் ஒயர் மேலிருந்து நேராகப் பெட்டிக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது.

கேட் விளக்கு

உங்கள் கொழுந்தனார் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனாலும் இதற்கு நான் கண்டிப்பாக வேண்டாம் என்றே சொல்வேன். ‘மெல்லிய ஒயரில் பெரிய கரண்ட் போகாது’ என்பது தவறு. எவ்வளவு கரண்ட் போகிறது என்பதை அந்தப் பக்கம் மாட்டியிருப்பதும், ஏற்படும் பழுதும் தீர்மானிக்கின்றன. ஒயர் மெலிதாக இருந்தால் அதே கரண்ட்டில் சூடாகும், அதுதான் வித்தியாசம். 16 ஆம்பியர் எம்சிபி, 16 ஆம்பியர் தாங்கும் ஒயருக்கானது. அதைவிட மெல்லிய ஒயர் உருகிக்கொண்டிருந்தாலும் அது விழாமல் இருக்கலாம். வீட்டு ஒயர் ஐஎஸ் 694 என்ற தரத்தில், 1100 வோல்ட் வரைக்கும் என்று அச்சிட்டு வருகிறது. ஸ்பீக்கர் ஒயரின் மேலுறையை 230 வோல்ட்டுக்கென்று யாரும் சோதித்துத் தருவதில்லை. எர்த் கோரும் அதில் கிடையாது. அதை மண்ணில் புதைத்தால், மழைக்காலத்தில் வெறுங்காலோடு கோலம் போட வருகிறவர் நிற்கும் ஈரத்தரைக்கே கரண்ட் கசியலாம்.

எனக்குப் பிடித்த வழி 12 வோல்ட். அடாப்டர் வீட்டுக்குள் இருக்கட்டும், வெளியே போவது 12 வோல்ட் மட்டும். இங்கே ஒயர் மெலிதாக இருந்தால் வேறொரு தொல்லை வரும். 9 வாட் விளக்கு இரண்டு என்றால் ஒன்றரை ஆம்பியர். 0.5 சதுர மில்லிமீட்டரில் போய்வர 36 மீட்டரில் 2 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும், விளக்கு மங்கும். 1.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.7 வோல்ட்தான். ஆகவே 12 வோல்ட்டுக்கும் தடித்த ஒயரே வாங்குங்கள். 230 வோல்ட்தான் வேண்டுமென்றால், எர்த்தோடு சேர்ந்த மூன்று கோர் கேபிள், ஆர்சிசிபி, மண்வெட்டி எட்டாத ஆழம், உரிமம் உள்ள ஒயர்மேன் என்று முறையாகவே செய்ய வேண்டும். ஒரு கேட் விளக்குக்கு அது தேவையா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா

கேட்கலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, காசு கொடுத்துப் பெற்ற சேவையில் இருக்கும் குறைபாட்டுக்கும் பொருந்தும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். பேசித் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. ஆனால் பில் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. பில்லோ, பணம் அனுப்பிய பதிவோ, வாட்ஸாப் பேச்சோ எதுவும் இல்லையென்றால் நிரூபிப்பது கஷ்டம்.

அதற்கு முன்னால், கழற்றிப் போட்ட இரண்டு பழைய பெட்டிகளும் பரணில் இருக்கின்றன என்றீர்களே, அவற்றை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்சார் முனைகளில் மெயின் கரண்ட் இல்லை என்று ஒயர்மேன் அளந்து சொன்னபின், அவரையே விட்டு ஒவ்வொன்றையும் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டி ஒயரைக் கழற்றிவிட்டு, மின்சாரத்தை அணைத்துவிட்டே, அடி முனையையும் மேல் முனையையும் ஒரு சாண் ஒயரால் இணைக்க வேண்டும். மறுபடி மின்சாரம் கொடுத்தால் ‘நிறைந்துவிட்டது’ விளக்கு எரிய வேண்டும். அணைத்து, அந்த ஒயரை எடுத்துவிட்டுக் கொடுத்தால் மோட்டாருக்கு உத்தரவு போக வேண்டும். இரண்டும் சரியாக நடந்தால் அந்தப் பெட்டி நல்ல பெட்டி. அதைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டு, மாற்றிக் கொடுத்தவரை நேரில் கூப்பிட்டுப் பேசுங்கள். பெட்டிக்கான பணத்தை உடனே கொடுக்காவிட்டாலும், ஒரே துண்டாகப் புதுக் கேபிள் இழுத்துத் தருவதற்காவது அவர் சம்மதிக்கக்கூடும்.